படுக்கையறைக்கு விண்டோ ஏசியா, ஸ்ப்ளிட்டா? சென்னை வாடகை வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு

ஏசி வாங்கலாம் என்று கடைக்குள் நுழைந்தால் நேராக ஸ்ப்ளிட் வரிசைக்குத்தான் கூட்டிப் போவார்கள். விண்டோ ஏசி ஏதாவது ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று கிடக்கும், அதைப் பற்றிக் கேட்டால் "இப்பல்லாம் அதை யாரு சார் வாங்குறாங்க" என்பார்கள். நிறையப் பேர் வாங்குகிறார்கள், வாங்கவும் வேண்டும். வாடகை வீடு, ஒரே ஒரு படுக்கையறை, ராத்திரி பத்து மணிக்குப் போட்டுக் காலையில் அணைப்பது என்று இருப்பவர்களுக்கு விண்டோ ஏசிதான் பல நேரம் சரியாக வரும். சொந்த வீடு, பகலிலும் ஓடும், லேசான தூக்கம் என்றால் ஸ்ப்ளிட்டுக்குப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் யோசிக்க வேண்டியவர்கள், அவர்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அதற்கு முன் மற்ற இரண்டைக் கழித்துவிடலாம். ஏர் கூலர் சென்னைக்கு ஆகாது. தண்ணீர் ஆவியாகும்போது காற்றின் சூட்டை இழுத்துக்கொள்ளும், அதுதான் கூலரின் வேலை. காற்றிலேயே ஈரம் நிறைந்து கிடந்தால் தண்ணீர் எங்கே போய் ஆவியாகும்? நாக்பூரில், டெல்லியில் வறண்ட மே மாதத்துக்கு நன்றாக இருக்கும். இங்கே மூடிய அறையில் போட்டால் பெட்ஷீட் பிசுபிசுப்பதுதான் மிச்சம். சக்கரம் வைத்த போர்ட்டபிள் ஏசி வேலை செய்யும், ஆனால் ஒற்றைக் குழாய் உள்ளவை அறையிலிருக்கும் குளிர்ந்த காற்றையே எடுத்து வெளியே தள்ளுகின்றன, அந்த இடத்தை நிரப்பக் கதவிடுக்கு வழியாகச் சூடான காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும், கம்ப்ரசரும் கட்டில் பக்கத்திலேயே உறுமும். சுவர், கிரில் எதையும் தொடவே கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்ட வீட்டுக்கு மட்டும் அது.

சரி, விண்டோவா ஸ்ப்ளிட்டா. இதை முடிவு செய்வது மெஷின் கிடையாது, வீடுதான். அதனால் கடைக்குப் போவதற்கு முன் படுக்கையறையின் வெளிச்சுவரைப் பாருங்கள். அசோக் நகர், கே.கே. நகர், அண்ணா நகர், மேற்கு மாம்பலம் பக்கம் இருக்கும் பழைய அடுக்குமாடி வீடுகளில் ஜன்னலுக்குக் கீழோ பக்கத்திலோ செவ்வகமாக ஒரு ஓட்டை விட்டு, ப்ளைவுட் பலகையால் மூடிப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்கள். அது ஏசிக்காகவே விட்டது. அப்படி ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது, பலகையைக் கழற்றி அளவெடுக்க வேண்டியதுதான். ஒன்றரை டன் விண்டோ ஏசி சுமார் 66 சென்டிமீட்டர் அகலம், 43 சென்டிமீட்டர் உயரம் இருக்கும், ஒரு டன் அதைவிடச் சின்னது, ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் ஓட்டையை அளந்து எழுதிக்கொண்டு போய்ப் பெட்டியின் அளவோடு ஒத்துப் பாருங்கள். ஓஎம்ஆர் பக்கத்துப் புது அபார்ட்மெண்டுகளில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சறுக்கிவிடும் யுபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல், ஸ்ப்ளிட்டுக்கென்றே ஒரு குழாய்த் துளை, அவுட்டோர் யூனிட் வைக்கத் தனி மேடை. அங்கே போய் விண்டோ மாட்டுவேன் என்று அடம்பிடித்தால் அசோசியேஷனோடு சண்டைதான் வரும். ஸ்ப்ளிட் வாங்கிவிடுங்கள்.

ஓட்டை இல்லாத பழைய வீடு என்றால், ஜன்னலின் ஒரு பகுதியில் கிரில்லை வெட்டி ஆங்கிள் ஸ்டாண்டு வைத்து மாட்டலாம். இதற்கு ஹவுஸ் ஓனரின் சம்மதம் வேண்டும், அதையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள், காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்று பேச்சு வரக்கூடாது. "சார், சுவரை இடிக்கப் போறதில்ல, கிரில்ல மட்டும்தான் கை வைப்போம், போகும்போது வெல்டிங் பண்ணி மூடிக் குடுத்துடுறோம்" என்று சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். ஸ்ப்ளிட்டுக்குச் சுவரில் துளை போட்டு, வெளிச்சுவரில் போல்ட் அடித்து, காப்பர் பைப் இழுக்கிறோம் என்பதைவிட அவர்களுக்கும் இது சுலபமாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் போகும், அது உண்மையான நஷ்டம்தான், ஒரே ஜன்னல் இருக்கும் அறையில் நன்றாக யோசித்துச் செய்யுங்கள்.

விண்டோ ஏசியில் அடிக்கடி பார்க்கும் ஒரு கோளாறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் பழியை மெஷின் மேல் போட்டுவிட்டு "விண்டோ கூலிங்கே வராது" என்று பேசுபவர்கள் அதிகம். ஏசியின் பின்பாதியை வெளியிலிருந்து பாருங்கள். இரண்டு பக்கவாட்டிலும், சிலவற்றில் மேலேயும், மீனின் செவுள் மாதிரி கீற்றுக் கீற்றாகத் துவாரங்கள் இருக்கும். வெளிக்காற்று அந்த வழியாக உள்ளே போய், பின்பக்கக் காயிலின் (சூட்டை வெளியேற்றும் குழாய்ச்சுருள்) சூட்டை எடுத்துக்கொண்டு முதுகு வழியாக வெளியேறுகிறது. நம் ஊர்ப் பழைய வெளிச்சுவர்கள் ஒன்பது இஞ்ச் தடிமன், பூச்சோடு சேர்த்தால் இன்னும் அதிகம். ஏசியை உள்பக்கம் அழகாகச் சுவரோடு சுவராக நிற்க வேண்டும் என்று இழுத்து வைத்தால் அந்தத் துவாரங்கள் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் காற்று எங்கிருந்து வரும்? காயில் சூடேறும், கம்ப்ரசர் திணறும், மத்தியானத்தில் தானாகவே நின்றுவிடும், கரண்ட் பில்லும் ஏறும். என் அக்கா வீட்டில் இதேதான் நடந்தது. கேஸ் போட்டும் பார்த்தார்கள், ஸ்டெபிலைசர் மாற்றியும் பார்த்தார்கள், ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் வந்த ஒரு வயதான மெக்கானிக் டூலைத் தொடாமல் முதலில் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். பெட்டியை ஒரு சாண் அளவுக்கு வெளியே தள்ளி வைத்து, இடைவெளியை ஃபோமும் தெர்மாகோலும் வைத்து அடைத்தார், அவ்வளவுதான். மாட்டும் அன்று நீங்களும் கூடவே நின்று இதைக் கவனியுங்கள். வெளிமுனை அரை அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் உள்ளே வராமல் வெளியே போகும். அந்தத் தண்ணீருக்கு ஒரு டியூப் போட்டுக் கீழே இறக்கிவிடுங்கள். கீழ்வீட்டுத் துணி மேலும் பார்க்கிங்கில் நிற்கும் ஸ்கூட்டர் மேலும் சொட்டினால் அதுவே பெரிய மனஸ்தாபமாகிவிடும்.

இப்போது வீடு மாறுவது. சென்னையில் பதினொரு மாத அக்ரிமெண்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய விஷயம். விண்டோ ஏசி மொத்தமும் ஒரே பெட்டி. கம்ப்ரசர், இரண்டு காயில், குழாய்கள் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே வெல்டு வைத்து மூடிவிடுகிறார்கள். பிளக்கைப் பிடுங்கி, இரண்டு ஆள் பிடித்து வெளியே இழுத்து, டெம்போவில் நிமிர்த்தி ஏற்ற வேண்டியதுதான். ஒன்றரை டன் ஐம்பது கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் மாடியிலிருந்து இறக்கக் கஷ்டம், ஆனால் தனித் திறமை எதுவும் வேண்டாம். ஸ்ப்ளிட் அப்படி இல்லை, அறைக்குள் ஒன்று, வெளியே அவுட்டோர் என்று இரண்டு பெட்டி, நடுவில் காப்பர் பைப். கேஸ் முழுவதையும் அவுட்டோருக்குள் இழுத்து அடைத்துவிட்டுத்தான் பைப்பைக் கழற்ற வேண்டும், அதைச் சரியாகச் செய்யாதவர் கையில் மாட்டினால் கேஸ் காற்றில் போய்விடும். புது வீட்டில் மறுபடி துளை, மறுபடி ஸ்டாண்டு, பைப் நீளம் பற்றவில்லை என்றால் அடிக்கு இவ்வளவு என்று தனிக் காசு. கழற்றி மாட்ட மட்டுமே மூவாயிரம் நாலாயிரம் சுலபமாக ஆகிவிடும், கேஸ் போட வேண்டி வந்தால் இன்னும் கூடும்.

கேஸ் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோவதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். ஸ்ப்ளிட்டில் பைப் சேரும் இடங்கள் வீட்டில் வைத்து நட்டு போட்டு முடுக்கியவை, கசிய வாய்ப்பு அங்கேதான் அதிகம். விண்டோவில் அப்படிப்பட்ட இணைப்புகளே இல்லை. அதனால் விண்டோ ஏசிக்கு வருஷா வருஷம் "கேஸ் கம்மியா இருக்கு மேடம்" என்று ஒருவர் சொன்னால், எங்கே லீக் என்று காட்டச் சொல்லுங்கள், காட்டாமல் கேஸ் போட விடாதீர்கள்.

கரண்ட் பில்லில்தான் ஸ்ப்ளிட் ஜெயிக்கிறது, அதை மறைக்கக் கூடாது. முதலில் ஸ்டார் விஷயம். விண்டோவுக்கும் ஸ்ப்ளிட்டுக்கும் ஸ்டார் கொடுக்கும் அட்டவணை தனித்தனி, விண்டோவுக்குக் கொஞ்சம் தளர்வானது. ஆகவே விண்டோவின் 5 ஸ்டாரும் ஸ்ப்ளிட்டின் 5 ஸ்டாரும் ஒன்று கிடையாது. ஸ்டாரை விட்டுவிட்டு, அந்த லேபிளில் ஐஎஸ்இஇஆர் என்று போட்டிருக்கும் எண்ணையும் (தின்னும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கு, கூடினால் நல்லது), வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பதையும் பாருங்கள். அந்த யூனிட் கணக்கு வருஷத்துக்கு 1,600 மணி நேரம் ஓடுவதாக வைத்துப் போட்டது. சென்னையில் அது பற்றாது. தினம் ராத்திரி 8 மணி நேரம், மழைக்காலம் மார்கழி எல்லாம் கழித்து வருஷத்தில் 270 நாள் என்று வைத்தால் 2,160 மணி நேரம், அதாவது லேபிளில் இருப்பதைப் போல 1.35 மடங்கு.

உதாரணத்துக்கு ஒரு விண்டோவின் லேபிளில் 1,150 யூனிட், ஒரு இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட்டின் (கம்ப்ரசர் தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகை) லேபிளில் 800 யூனிட் என்று இருந்தால் வித்தியாசம் 350. நம் உபயோகத்துக்கு 1.35 மடங்கு போட்டால் 470 யூனிட் சொச்சம். இதற்கு எவ்வளவு காசு என்பது உங்கள் வீட்டு ஈபி பில் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501 முதல் 600 வரை 8.55, 601 முதல் 800 வரை 9.65. ஆக அந்த 470 யூனிட், வருஷத்துக்கு மூவாயிரத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரை வரும். இந்த இடத்தில் மேலே சொன்ன வீடு மாறும் செலவைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருஷத்துக்கு ஒரு முறை மாறுபவருக்கு இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. நாலைந்து வருஷம் ஒரே வீட்டில் இருப்பவருக்கு ஸ்ப்ளிட்தான் லாபம், சந்தேகமில்லை. மூன்று மாதம் மட்டும், கத்திரி வெயில் முடியும்வரை போடுவேன் என்பவருக்கு இந்த வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், அவர் ஸ்ப்ளிட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் திரும்பி வரவே பல வருஷம் ஆகும்.

500 யூனிட் என்ற கோட்டையும் மறக்காதீர்கள். அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழ்ப்படியில் 101 முதல் 200 வரை கிடைத்த மலிவு விலையும் போய்விடும். இரண்டு மாதத்துக்கு 350, 400 யூனிட்டில் நிற்கும் வீட்டில் ஏசி வந்தால் இந்தக் கோடு கண்டிப்பாகத் தாண்டும். அதைத் தள்ளிப்போட ஒரே நல்ல வழி 26-இல் வைத்து மின்விசிறியை ஒன்றிலோ இரண்டிலோ ஓடவிடுவது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது, 2020 ஜனவரியிலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகளை ஆன் செய்ததும் 24-இல் நிற்கும்படி வைத்ததும் அதற்காகத்தான். 18-இல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நம்புகிறார்கள். சாதாரண விண்டோ ஏசியின் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான், 18-இல் வைத்தாலும் 25-இல் வைத்தாலும் அது ஒரே மாதிரிதான் ஓடும், நிற்கும் நேரம் மட்டுமே மாறும்.

சத்தம். இதில் விண்டோவுக்கு வக்காலத்து வாங்க முடியாது. கம்ப்ரசரும் இரண்டு விசிறியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் 50 டெசிபலுக்கு மேல் சுலபமாகப் போகும், நல்ல ஸ்ப்ளிட்டின் உள்யூனிட் குறைந்த வேகத்தில் 35, 40-க்குள் அடங்கும். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். சத்தத்தைவிடத் தொந்தரவானது கம்ப்ரசர் நின்று நின்று கிளம்பும்போது வரும் அந்த 'டொக்'. பெரும்பாலானவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும், சிலருக்குப் பழகவே பழகாது. கைக்குழந்தை இருக்கும் வீடு, வயதானவர்கள் படுக்கும் அறை என்றால் இதற்காகவே ஸ்ப்ளிட்டுக்குக் கூடுதல் பணம் கொடுக்கலாம். இன்வெர்ட்டர் விண்டோ ஏசிகளும் இப்போது வருகின்றன, அவற்றில் இந்த நின்று கிளம்பும் சத்தம் வெகுவாகக் குறையும், மின்சாரமும் குறையும், விலை ஸ்ப்ளிட்டை நெருங்கிவிடும். இன்னொன்று, விண்டோ ஏசியில் பின்பக்கம் தண்ணீர் தெளிக்கும் சலசலப்புக் கேட்டால் பயப்படாதீர்கள். தட்டில் சேரும் தண்ணீரை வெளி விசிறி அள்ளிக் காயில் மேல் அடிக்கிறது, காயில் குளிர்வதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

டன் எவ்வளவு? ஒரு டன் என்றால் மணிக்கு 12,000 பிடியு, கிட்டத்தட்ட மூன்றரை கிலோவாட் அளவுக்குச் சூட்டை வெளியேற்றும் திறன். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அந்த மாதிரிப் பகலை நினைத்துக்கொண்டு பெரிய ஏசி வாங்க வேண்டியதில்லை, ராத்திரி படுக்கும் அறைக்குத்தானே வாங்குகிறோம். பத்துக்குப் பத்து, பத்துக்குப் பன்னிரண்டு அறை, மேலே இன்னொரு மாடி இருக்கிறது என்றால் ஒரு டன் போதும். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, அல்லது மேற்குச் சுவர் வெயிலில் காய்கிற அறை என்றால் நிலைமை வேறு. பகல் முழுக்கக் காய்ந்த தளம் ராத்திரி ஒரு மணி வரை சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கும், அதற்கு ஒன்றரை டன் எடுங்கள். அவசியமில்லாமல் பெரிதாக எடுத்தால் இன்னொரு சிக்கல்: அறை சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே இருக்காது, ஒரு வேகக் கம்ப்ரசரில் இது நன்றாகத் தெரியும். சென்னையில் நம்மைப் புழுங்க வைப்பதில் பாதி அந்த ஈரம்தான். 23-இல் வைத்தும் கசகசக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஒயரிங் பற்றிச் சுருக்கமாக. சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போட்டு மாட்டவே கூடாது. 16 ஆம்பியர் பவர் பிளக், மெயின் போர்டிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர், தனி எம்சிபி (மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்). பழைய வாடகை வீட்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மே மாத ராத்திரிகளில் தெருவே ஏசி போடும்போது வோல்டேஜ் இறங்கும் ஏரியாக்களில் ஸ்டெபிலைசர் வேண்டும், கரண்ட் போய் வந்ததும் மூன்று நிமிஷம் கழித்துத்தான் கம்ப்ரசர் கிளம்ப வேண்டும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் என்று கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் காப்பர் காயிலும் உப்புக்காற்றைத் தாங்கும் பூச்சும் இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். ஸ்ப்ளிட்டின் அவுட்டோர் அங்கே சீக்கிரம் அரிக்கும், விண்டோவின் பின்பாதியும் அப்படியே. விண்டோவில் சர்வீஸுக்கு முழுசாக வெளியே இழுத்து மொட்டை மாடியில் வைத்துத் தண்ணீர் அடித்துக் கழுவ முடியும் என்பது இங்கே பெரிய உதவி. புறா கூடு கட்டாமல் மேலே ஒரு வலை, இடுக்குகளில் கொசு வராமல் ஃபோம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் குழாயில் காட்டிக் கழுவுவது, இவ்வளவும் நீங்களே செய்யலாம். முன்பக்கம் வெளிக்காற்றுக்கென்று ஒரு சின்ன லீவர் இருக்கும், ராத்திரி அதை மூடியே வையுங்கள்.

எப்போது வாங்குவது? ஏப்ரல், மே வேண்டாம். மாட்ட ஆள் கிடைக்கவே ஒரு வாரம் ஆகும், வந்தவரும் அவசரத்தில் பக்கவாட்டுத் துவாரத்தையெல்லாம் பார்க்க மாட்டார். ஆடித் தள்ளுபடியில் விலையும் இறங்கும், ஆளும் நிதானமாக வேலை செய்வார். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது, எனவே யாராவது அதற்கு முந்தைய விலையைச் சொல்லி "இப்பவும் அதே ரேட்டுதான்" என்றால் பில்லில் வரியைப் பாருங்கள். பழைய விண்டோ ஏசி செகண்ட் ஹேண்டில் எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் கிடைக்கிறது என்று போகிறவர்கள் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். ஆர்-22 என்று போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், அந்த கேஸ் வழக்கொழிந்து வருகிறது, அந்தக் காலத்து மெஷின் தின்னும் மின்சாரத்தில் மிச்சம் பிடித்த பணம் சில கோடைகளிலேயே போய்விடும். ஆர்-32, நாலைந்து வருஷத்துக்குள் வாங்கியது, ஒரிஜினல் பில் கையில் இருக்கிறது, உங்கள் முன்னால் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுகிறார்கள் என்றால் எடுக்கலாம்.